சிங்கப்பூர்த் தமிழர் பிரஜாவுரிமை பெற்ற வரலாறு

உரிமை ஒன்று சட்டப் புத்தகத்தில் அச்சாகும் நாள் வேறு. அது ஏழையின் கைக்கு வந்து சேரும் நாள் வேறு. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட தூரம் சிலர்க்குச் சில வாரங்கள். சிலர்க்கு ஒரு தலைமுறை. சிலர்க்கோ கடக்கவொண்ணாக் கடல். பிழைப்புத் தேடி அயல்நாடு சென்று அங்கேயே வேரூன்றிய மக்களின் அரசியல் வரலாற்றை ஆராய்வோர், அத்தூரத்தைக் கடந்தவர் யார், கடத்திவிட்டவர் யார், கடவாது நின்றவர் கதி யாதாயிற்று என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். சட்டசபையில் பேசினோர் பெயரை நூல்கள் கூறும். விண்ணப்பத் தாளை முழங்கால் மீது விரித்து வைத்துக்கொண்டு, எழுத்தறியாத தொழிலாளியை நோக்கி, "அண்ணே, பிறந்த ஊர் எது? கப்பலேறி வந்த வருஷம் எது?" என்று கேட்டு எழுதியவர் பெயரை எந்த நூலும் கூறாது. 1957-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நிகழ்ந்த பிரஜாவுரிமைப் பதிவின் கதையை, பேனா பிடித்த அப்பெயர் தெரியாதோரை நினைந்தே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

தோட்டத்திலே பேரேடு எழுதிப் பிழைக்கும் கிராணி வகுப்பினராகிய நமக்கு இக்கதையில் தனியானதோர் அக்கறை உண்டு. ஆங்கிலப் பள்ளியிற் கற்ற கல்வி நம் வகுப்பினரைத் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்திற்று. நடுவே நிற்பவன் பாலமாகவும் இருக்கலாம், சுவராகவும் இருக்கலாம். சுவராக இருந்த காலமும் உண்டு என்பதற்கு 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தமே சாட்சி. அன்று தொழிலாளர் கேட்டவை யாவை? கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டனர். கள்ளுக்கடையை மூடுமாறு கேட்டனர். இவற்றோடு மற்றொன்றும் கேட்டனர்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. கூலிப் பட்டியலில் எழுதக்கூடிய கோரிக்கையன்று இது. மானத்தைப் பற்றிய கோரிக்கை. அதிலே துரையோடு கிராணியும் சேர்த்து எண்ணப்பட்டான் என்பதை நம் வகுப்பினர் மறத்தல் ஆகாது.

அவ்வேலைநிறுத்தத்தின் முடிவு நமது பொருளுக்கு நேரே தொடர்புடையது. தொழிலாளர்க்குத் துணை நின்றவர்களில் முதன்மையானவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். சர்க்கார் அவரைக் கைது செய்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. தொழிலாளர் மீது பட்டாளம் ஏவப்பட்டது, உயிர்களும் மாண்டன. நாதன் பேசியது தவறா சரியா என்று எந்த வழக்கு மன்றமும் ஆராய வேண்டியிருக்கவில்லை. அவர் இந்நாட்டுக்கு உரியவர் அல்லர் என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. மரத்தை வெட்டலாம், தண்டவாளம் போடலாம், துறைமுகத்தில் மூட்டை சுமக்கலாம். ஆனால் வாய் திறந்தால் கப்பல் காத்திருக்கிறது. பிரஜாவுரிமை இல்லாத உழைப்பாளியின் நிலை இதுவே.

யுத்தம் முடிந்தபின் சிங்கப்பூரில் அரசியல் புதிய கோலம் பூண்டது. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நகரம் தன் முதற் சட்டசபைத் தேர்தலைக் கண்டது. தேர்ந்தெடுக்கத் திறந்துவிடப்பட்ட இடங்கள் ஆறே. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டுமே வோட்டு; அதுவும் தாமே சென்று பெயர் பதிந்துகொண்டவர்க்கு மட்டுமே. தகுதியுடையோர் 2 இலட்சத்துக்கு மேற்பட்டிருக்க, பதிந்தவர் 22,395 பேர்தாம். வியப்பு யாதெனில், ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இந்தியர், வாக்காளரில் ஏறத்தாழப் பாதிப் பேராக இருந்தனர் என்பதே. ஆயினும் அவ்வோட்டு இரவல் நகை போன்றது. பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ்ப் பிறந்தமையால் கிடைத்த உரிமை அது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்று 1950-இல் குடியரசான பின்னர், அம்மகுடத்தின் நிழலில் எத்துணைக் காலம் நிற்க முடியும்? சீனத்திற் பிறந்து சிங்கப்பூரில் முதுமையடைந்தவர்க்கோ அந்த இரவல் நகையும் இல்லை. 2 இலட்சத்துக்கு மேற்பட்ட அம்மக்கள் வரி கொடுத்தனர். வோட்டு அவர்களுக்கு இல்லை.

ஆதலின் பிரஜாவுரிமைக் கிளர்ச்சியை முதலில் பெரிதாக எழுப்பியவர் சீன வர்த்தக சங்கத்தார். கோ டெக் கின் போன்ற தலைவர்கள் முன்னின்று, சீனத்திற் பிறந்தவர்க்கும் பிரஜாவுரிமை வேண்டும், சட்டசபையில் மக்கள் தாய்மொழியிற் பேச இடம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மன்றாடினர். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் தேர்தலுக்குப் பின் முதலமைச்சரான டேவிட் மார்ஷலும் இக்கோரிக்கையைத் தம்முடையதாக்கிக் கொண்டார். 1956-இல் சட்டசபை பன்மொழிக் கொள்கையை ஏற்றது. ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் என்னும் மூன்றுக்கும் அவையில் இடம் கிடைத்தது. பெருந்தொகையினரான சீனரின் கிளர்ச்சி திறந்த வழியிலே சிறு தொகையினரான தமிழரின் மொழியும் உள்ளே புகுந்தது. பிற சமூகத்தார் தம் உரிமைக்குப் போராடும்போது, அது நமக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொண்டு இருப்போர் இதை எண்ணிப் பார்ப்பாராக.

தமிழர் பக்கத்தில் இவ்வேலையைத் தாங்கியவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரிற் பிறந்து, 1924-இல் இளைஞராகச் சிங்கப்பூர் வந்து, கணக்கு வேலை பார்த்துப் பின் பத்திரிகைத் துறை புகுந்தவர். 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் தூண்களில் ஒருவர். 1935-இல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கியவர். 1951-இல் பல சங்கங்களையும் ஒருங்கே சேர்த்துத் தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைந்தது. மறு ஆண்டு தமிழர் திருநாள் தொடங்கிற்று. ஜாதியாலும் ஊராலும் கோயிலாலும் பிரிந்து கிடந்தவர்களை 'தமிழர்' என்னும் ஒரே பெயரின் கீழ் நிற்கச் செய்யும் முயற்சி இது. அரசியல் உரிமை கேட்பதற்கு முன் கேட்பவர் யார் என்பது தெளிவாக வேண்டும் அன்றோ? நூறு சங்கங்களாகப் பிரிந்து நூறு மனுக்கள் எழுதினால், அவை அனைத்தும் ஒரே குப்பைக் கூடையில் விழும் என்பதை அக்காலத்துச் சீர்திருத்தக்காரர் நன்கு உணர்ந்திருந்தனர்.

1957-ஆம் ஆண்டு அக்டோபரில், லிம் யூ ஹாக் முதலமைச்சராக இருந்தபோது, சிங்கப்பூர்ப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. நவம்பர் முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரிற் பிறந்தோர் தாமாகவே பிரஜைகளாயினர். மலாயாவிற் பிறந்தோரும், பிற நாடுகளிற் பிறந்து உரிய காலம் இங்கே வாழ்ந்தோரும், விசுவாசப் பிரமாணம் செய்து தம்மைப் பதிந்துகொள்ளலாம் என்று விதி ஏற்பட்டது. கதவு திறந்தது. ஆனால் திறந்த கதவினுள் நுழைவதற்கு ஒரு தாளை நிரப்ப வேண்டும். தாளை நிரப்ப எழுத்துத் தெரிய வேண்டும். எழுத்துத் தெரிந்தாலும், இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தேன் என்று காட்ட வேண்டும். அதற்கும் மேலாக, நுழையத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு மனம் விடை சொல்ல வேண்டும்.

அக்காலத்துத் தமிழ்த் தொழிலாளியின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்திலோ, செம்பவாங் கடற்படைத் தளத்திலோ, நகரசபைத் துப்புரவு வேலையிலோ அவர் இருக்கிறார். மனைவி மக்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கின்றனர். மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். இன்னும் இரண்டு வருஷம், இன்னும் மூன்று வருஷம், பிறகு ஊருக்குப் போய்விடலாம் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1957-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் சிங்கப்பூரின் மொத்த மக்கள் 14,45,929 பேர். அவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் இந்தியர். அந்த ஒன்பது பேரில் பெண்களைவிட ஆண்களே மிகப் பலர். இது குடும்பமாகக் குடியேறிய சமூகம் அன்று. ஒரு கால் கப்பலிலும் ஒரு கால் கரையிலும் வைத்து நின்ற சமூகம். மேலும் 1955-ஆம் ஆண்டின் இந்தியப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் பிரஜையாக விரும்பிப் பதிந்துகொள்பவர் இந்தியப் பிரஜையாக நீடிக்க இயலாது. "கையெழுத்துப் போட்டால் ஊர் போய்விடுமா? நிலம் போய்விடுமா? செத்தால் பிணம்கூட அங்கே போகாதோ?" என்று அஞ்சுவதற்கு அத்தொழிலாளிக்குக் காரணம் இருந்தது. அதை அறியாமை என்று இகழ்வோர், பிரிந்து வாழ்வதன் துன்பம் அறியாதவர்.

இவ்வச்சத்தை மேடைப் பேச்சால் மட்டும் போக்க முடியாது. 'தமிழ் முரசு' பதிவின் அவசரத்தை விடாது எடுத்துரைத்தது. சாரங்கபாணியும் அவரோடு உழைத்தோரும் தொழிலாளர் குடியிருப்புகளைத் தேடிச் சென்று, ஆயிரக்கணக்கான தமிழர்க்குத் தாள்கள் நிரப்பப்படுவதற்கு உதவினர். இன்று 'லிட்டில் இந்தியா' என்று அழைக்கப்படும் தேக்கா, சிராங்கூன் சாலை வட்டாரத்தை அறிந்தவர்க்கு அவ்வேலையின் தன்மை விளங்கும். கடை மேல்மாடியில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுக்கும் இடம் அது. வேலை முடிந்த பின்னும் விடுமுறை நாளிலுமே அவர்களைக் காண முடியும். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து, அவர் அச்சத்தைக் கேட்டு, விளக்கம் சொல்லி, பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதி முடிக்க வேண்டும். பெயர் என்றால் எளிதா? கப்பல் சீட்டில் ஒரு விதமாகவும், வேலைச் சீட்டில் மற்றொரு விதமாகவும், ஊரில் வேறொரு விதமாகவும் வழங்கும் பெயர் அது. ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிட்டதாகக் கொள்வது அலுவலகங்களின் இயல்பு. அலுவலக மொழி ஆங்கிலம். அதை அறிந்தவன் கிராணி. சுவராக நின்ற அதே கல்வி இங்கே பாலமாயிற்று.

பலன் யாது? நாடு முழுதும் சில மாதங்களுக்குள் எல்லா இனத்தாரும் சேர்ந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்துகொண்டனர். 1955-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 3 இலட்சம்; 1959-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் தேர்தலில் 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். அத்தேர்தலில் வாக்களித்தல் கட்டாயக் கடமையும் ஆயிற்று. அதற்குமுன் தொழிலாளர் குடியிருப்பின் படிக்கட்டை மிதித்தறியாத கட்சிக்காரரும் இப்போது ஏறி வரலாயினர். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடான போது, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதிகாரத்துவ மொழியாகச் சட்டத்திற் பொறிக்கப்பட்டது. நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைந்த ஒரு சமூகத்தின் மொழிக்கு இவ்விடம் கிடைத்ததற்குக் காரணங்கள் பல. தமிழர் விருந்தாளிகளாக அன்றிப் பிரஜைகளாக நின்று கேட்டனர் என்பது அவற்றுள் ஒன்று. விருந்தாளி எவ்வளவு பசித்தாலும் பரிமாறும் வரை காத்திருப்பான்; வீட்டுக்குரியவன் அடுக்களைக்கே சென்று கேட்பான்.

கதவினுள் நுழையாதவர் கதியையும் காண்போம். 1968-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் சர்க்கார், 1971 முடிவுக்குள் தன் படைகளைச் சிங்கப்பூரினின்று விலக்குவதாக அறிவித்தது. கடற்படைத் தளத்து வேலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பிரஜையல்லாதார் வேறு வேலை பெறுவதற்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பத்து வருஷத்துக்கு முன் 'ஊருக்குத்தானே போகப் போகிறோம்' என்று தாளை ஒதுக்கியவர்கள், உண்மையாகவே ஊருக்குப் போக நேர்ந்தது. தாமே விரும்பிய நாளில் அன்று. பிறர் குறித்த நாளில்.

ஜொகூர்ப் பாலத்துக்கு இப்பாலுள்ள நம் தோட்டங்களில் இதனினும் பெரிய துன்பம் நேர்ந்தது. 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது இங்கும் கதவு திறந்தது. முதல் ஓராண்டில் பதிவோர்க்கு மலாய் மொழியறிவு பற்றிய நிபந்தனையும் தளர்த்தப்பட்டிருந்தது. ஆனால் தோட்டம் தேக்கா அன்று. ஒரு தோட்டத்துக்கும் மறு தோட்டத்துக்கும் இடையே மைல்கணக்கில் பால்மரம். தாளை எழுதிக் கொடுக்கும் கை எல்லா லயங்களையும் எட்டவில்லை. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் கடுமையாக நடைமுறைக்கு வந்ததும், பிரஜாவுரிமையற்ற தோட்டத் தொழிலாளர் வேலையிழந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர் என்பது வரலாற்றாசிரியர் கணக்கு. பால்வெட்டும் கத்தியை நாற்பது வருஷம் பிடித்த கை, பேனா பிடித்த ஒருவனைக் காணாமையால் வெறுங்கையாயிற்று.

இலங்கையில் சட்டமே கதவை அறைந்து சாத்திற்று. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949-இல் வோட்டும் பறிபோயிற்று. அதே ஆண்டில் வேறொரு சட்டத்தால் சிறு சாளரம் ஒன்று திறந்தது. காங்கிரஸ் முதலில் அதைப் புறக்கணித்து, பின்னரே விண்ணப்பிக்குமாறு தொழிலாளரைத் தூண்டிற்று. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு பிரதமர்களும் அமர்ந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். யாரும் அத்தொழிலாளரைக் கேட்கவில்லை. எஞ்சியோர்க்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று. இதனால், சட்டம் முற்றிலும் பகையாக நிற்குமிடத்துப் பேனா மட்டும் போதாது என்பதும் விளங்கும். சிங்கப்பூரில் இரண்டும் ஒன்று கூடின: அவையிலே சட்டத்தை வென்றெடுத்த கிளர்ச்சியும், படுக்கையறையிலே தாளை நிரப்பிய உழைப்பும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிடில் காரியம் முடிந்திராது.

இக்கதை முடிந்துபோன கதையா? ஞாயிற்றுக்கிழமை மாலையிலே தேக்காவில் நின்று பாருங்கள். தமிழ்நாட்டினின்றும் வங்காளதேசத்தினின்றும் கட்டட வேலைக்கு வந்த இளைஞர் ஆயிரக்கணக்கில் திரள்கின்றனர். 1957-ஆம் ஆண்டின் கதவு அவர்களுக்கு இல்லை. வேலை அனுமதிச் சீட்டு உள்ளவரையே வாசம். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு மாண்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. இருபத்தைந்து பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 57 பேர் வழக்கு மன்றம் செல்லாமலே நாடு கடத்தப்பட்டனர். வண்டிகளைக் கொளுத்தியதை நாம் நியாயமென்று கூறோம். எனினும், குற்றத்தை மன்றத்தில் மெய்ப்பிக்காமலே ஒருவரை அனுப்பிவிட முடியும் நிலை, நாதன் காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கேட்கத் தூண்டுகிறது.

அங்கேயும் பேனா பிடித்தோர் இல்லாமற் போகவில்லை. 2004-இல் சங்கங்களாக அமைந்த டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ, ஹோம் ஆகியவை, சம்பளம் கிடைக்காதவர்க்கும் வேலையிற் காயமுற்றவர்க்கும் வழி காட்டி வருகின்றன. முன்னதன் கஃப் சாலைத் திட்டம் 2008 முதல் லிட்டில் இந்தியாவிலே, வேலையிழந்து வழக்கு முடியக் காத்திருப்போர்க்கு உணவு அளித்து, அங்கேயே அவர்கள் குறையையும் கேட்டு எழுதுகிறது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்னும் விதி 2013 ஜனவரி முதல் வந்தது. இத்தகையோர் பல்லாண்டு கேட்டுக்கொண்டே இருந்ததன் பயன் அது. வோட்டில்லாதவர்க்காக வோட்டுள்ளவர் பேசினர். அன்று பிரஜையானவரின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு யாது?

நம் தோட்டங்களில் உள்ள கிராணிமார்க்கும் ஒரு சொல். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையும், சிவப்பு அடையாள அட்டையோடு மூப்படைந்த தாயும் மலேசியத் தமிழரிடையே இன்றும் உளர். 2011-இல் 'மைடஃப்தார்' என்னும் பதிவு முயற்சி நடந்தது. டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா போன்ற அமைப்புகள் வீடு வீடாகச் சென்று தாள்களைத் திரட்டி விண்ணப்பம் எழுதி வருகின்றன. பெற்றோர் திருமணம் பதியப்படாமையால், பிள்ளையின் பத்திரம் தடைப்படுகிறது. பத்திரம் இல்லாமையால் பள்ளி தடைப்படுகிறது. பள்ளி இல்லாமையால் மறுபடியும் கூலி வேலை. இச்சங்கிலியின் முதற் கண்ணி ஒரு தாள். அத்தாளை எழுதும் அறிவு நம்மிடம் இருக்கிறது. நாள்தோறும் சம்பளப் பட்டியலும் பால் கணக்கும் எழுதும் பேனாவுக்கு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வேலையைக் கொடுத்தால் என்ன? தலைவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை; மகாநாடு கூட்ட வேண்டுவதில்லை. லயத்தின் கோடியில் உள்ள வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, பிள்ளைக்குப் பத்திரம் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். இல்லையென்று பதில் வந்தால், அன்றே அமர்ந்து எழுதத் தொடங்கலாம்.